மேற்படி

தொலைக்காட்சியில் என் பெயர் மூன்று விநாடி ஓடும்.
உதவி வசனம்: யோ. துஷ்யந்தினி.
அதற்குள் அம்மாவுக்குக் கண்ணாடி தேடி எடுக்க முடிவதில்லை.
நாலு வருடமாக அவவுக்கு நான்
கொழும்பில் 'ஏதோ டைப்பிங்'.

கிழமைக்கு ஐந்து அத்தியாயம்.
மாமியார் வழுக்க வேண்டும்,
மருமகன் கதவு மாறித் தட்ட வேண்டும்.
சிரிப்பு ஏற்கெனவே கணினியில் இருக்கிறது,
சிரிப்பு-பெரிசு, சிரிப்பு-நடு என்று
தயாரிப்பாளர் பெயர் போட்டு வைத்திருக்கிறார்.
ஒருமுறை, மட்டக்களப்பான் ஒருவன் வேண்டும் என்றார்.
"உங்கட ஊர் இழுவை இருக்கே,
வேலைக்காரனுக்கு நல்லாப் பொருந்தும்."
எழுதினேன்.
வாடகை கட்ட வேண்டிய மாதம் அது.
அவன் 'என்னகா' என்னும் போதெல்லாம்
சிரிப்பு-பெரிசு.

மேடையில்தான் என் வாய் எனக்கு.
இம்முறை ஆரையம்பதி.
டியூட்டரி மண்டபம், நாற்பது பிளாஸ்டிக் கதிரை,
இருபத்தாறு பேர்,
அதில் மூவர் இரசாயனவியல் வகுப்பென்று வந்தவர்கள்.
கரும்பலகையில் பென்சீன் வளையம் அழிபடாமல் கிடந்தது.
மைக்கை அலவாங்கு மாதிரிப் பிடித்துக்கொண்டு
பொலன்னறுவையில் தேத்தண்ணிக்கு நின்ற பஸ்
என்னை விட்டுவிட்டு என் பெட்டியோடு
ஊர் போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னேன்.
பெண்கள் வாயைக் கையால் பொத்தினார்கள்.
ஆண்கள் பக்கத்துக் கதிரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்,
ஒப்பம் வாங்குவதுபோல்.
சிரிப்பு-சிறிசு.
அப்படியொரு கோப்பு அவரிடம் இல்லை.

எட்டு இருபதுக்குக் கரண்ட் போனது.
மின்விசிறி மீதிச் சுற்றை முடித்துக்கொண்டு நின்றது.
வாவிப் பக்கத்து நுளம்பெல்லாம் உள்ளே வந்தது.
யாரோ போனைத் தூக்கி வெளிச்சம் போட,
வேண்டாம் என்றேன்.
வெறும் குரலில் தொடர்ந்தேன்.
இருட்டில் எந்தச் சிரிப்பு எந்த வாய்க்கென்று
ஒருவருக்கும் தெரியாது.
வந்தது பாருங்கள்,
மூக்குச் சீறலும் இருமலுமாக,
ஒருத்தி கதிரையைத் தட்டித் தட்டி.

அப்போதுதான் அதைச் சொன்னேன்,
தயாரிப்பாளர் இரண்டு தரம் சிவப்பால் வெட்டியதை.
கந்தோரில் தரும் படிவம்.
காணாமற்போனவரின் முழுப்பெயர்.
நிரந்தர முகவரி.
அதற்குக் கீழே, புள்ளிக் கோட்டோடு,
காணாமற்போனவரின் தற்போதைய முகவரி.

நிறுத்தினேன்.
பகிடியில் கஷ்டமான வேலை இதுதான்.
இரண்டு எண்ணினால் போதும்.
ஏழு வரைக்கும் எண்ணினேன்.
பின்வரிசையில் ஒரே ஒரு ஆள் சிரித்தது.
ஆணா பெண்ணா, அழுகையா என்று பிடிபடாத சத்தம்.
அது அங்கேயே நிற்கவில்லை,
கதிரை கதிரையாய் ஏறி
முன்னுக்கு வந்து என்னையும் பிடித்தது.

கரண்ட் வந்தபோது
எல்லா முகமும் பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ.

கதிரை அடுக்கும் நேரம்,
மருந்துக்கடைப் பையை முழங்கையில் கொளுவியிருந்த ஒரு அம்மா
நாலு கதிரையை ஒன்றாய்த் தூக்கியபடி சொன்னா:
"நானும் அத நிரப்பினனான் புள்ள.
மேற்படி எண்டு போட்டன்.
வேற என்னத்தப் போடுற?"
சொல்லிப்போட்டு, கதிரையை மற்ற அடுக்கோடு பொருத்தினா,
கால் இடறாமல், சரியாக.

வசூல் நாலாயிரத்து இருநூறு.
மண்டபத்துக்கு மூவாயிரம்.
வெலிக்கந்தை தாண்டும்போது
உள்ளங்கையில் பேனாவால் எழுதினேன்: மேற்படி.
என் முடிவைவிட நல்ல முடிவு.
என்னுடையதில்லை.
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நித்திரையானேன்,
விடிய அதில் பாதிதான் மிச்சம்.

ஆறு மணிக்குக் காட்சி பதினாலு அனுப்ப வேண்டும்.
மாமியார். மிக்ஸி. மூடி இல்லை.
வேலைக்காரன் உள்ளே வந்து 'என்னகா' என்கிறான்.
அந்த இடத்தில் எந்தச் சிரிப்பும் குறிக்காமல் அனுப்பினேன்.
மறந்துபோனேன் என்று நினைத்து
அவர்களே போட்டுக்கொள்வார்கள்.